வளவு மச்சில் தொங்கும் சுண்ணாம்புக் குழலும் மேகாலயக் குகைக் கல்லும்: பழைய வறட்சியை எதில் படிக்கலாம்? (புனைபெயர்களில் ஒரு கேள்வி-பதில் உரையாடல்)

இரண்டாங்கட்டு:

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. இரண்டாங்கட்டு மச்சுக்கு அடியில், தேக்குக் கட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் குழல்கள் தொங்குகின்றன. நீளமானது 11 செ.மீ. இருக்கும். சுண்டுவிரலைவிட மெல்லிசு, உள்ளே துளை. ஐப்பசி மழை பிடித்து இரண்டு நாள் கழித்து நுனியில் சொட்டு திரளும். தை பிறந்தால் காய்ந்துவிடும். நேர் கீழே ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைத் திட்டு படிந்திருக்கிறது. தளம் பழைய மெட்ராஸ் டெரஸ்தான்: கட்டைக்கு மேல் குத்துச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் மேலே சிமென்ட் பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

மேகாலயக் குகையில் எடுத்த ஒரு கல்லை வைத்து 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் வறட்சியைச் சொல்கிறார்கள், புவியியல் காலத்துக்கே மேகாலயன் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று படித்ததும் இந்தக் குழல்கள்தான் நினைவுக்கு வந்தன. காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். என் கேள்விகள்:

இந்தக் குழலை வெட்டி, வருடவாரியாக மழையைப் படிக்க முடியுமா? முடியாதென்றால் அதுவும் சுண்ணாம்பு, இதுவும் சுண்ணாம்பு, வித்தியாசம் எங்கே வருகிறது? “திடீர்” மாற்றம் என்கிறார்களே, அது பத்து வருடமா நூறு வருடமா என்று ஒரு கல் எப்படிச் சொல்லும்? நம் பக்கத்து மழையைச் சொல்லக்கூடிய குகை ஏதாவது இருக்கிறதா?

துளிநீர்:

முதல் கேள்விக்கு விடை, முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதுதான் கண்காட்சிக்கு நல்ல சரக்கு. இரண்டும் ஒரே கால்சைட்தான், அதாவது கால்சியம் கார்பனேட் படிகம். வந்த வழி நேர் எதிர்.

குகையில் நடப்பது இது. மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண் இடுக்குகளில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு. வெளியே 0.04 சதவீதம் என்றால் மண்ணுக்குள் 1 சதவீதத்தையும் தாண்டும். அதைக் குடித்துப் புளித்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு குகைக் கூரைக்கு வருகிறது. குகைக் காற்றில் அந்த வாயு குறைவு. அதனால் துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது, கரைந்த சுண்ணாம்பு நிற்க இடமில்லாமல் கால்சைட்டாகப் படிகிறது. கூரையில் தொங்கினால் கல்விழுது, தரையில் எழும்பினால் கல்முளை. ஆய்வுக்குப் பெரும்பாலும் கல்முளையைத்தான் எடுப்பார்கள். அதில் அடுக்குகள் தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கல்விழுதில் நடுத்துளையைச் சுற்றி வளைந்து வளைந்து படிவதால் காலவரிசை பிடிப்பது பெரும்பாடு.

உங்கள் மச்சில் வாயு வெளியேறவில்லை, உள்ளே போகிறது. சிமென்ட் ஒட்டில் இன்னும் காற்றோடு சேராத சுண்ணாம்பு இருக்கிறது. அதை மழைநீர் கரைத்தால் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் போகும். அந்தத் துளி மச்சுக்கு அடியில் காற்றைத் தொட்டதும் கரியமில வாயுவை ஆவலாக இழுத்துக் கால்சைட்டாகிறது. இப்படி வளரும் குழல் நாளுக்கு 2 மி.மீ. வரை நீண்டதாகவே பதிவு உண்டு. குகைக் கல்முளை வருடத்துக்கு 0.01 முதல் 0.1 மி.மீ. உயர்ந்தால் அது வழக்கமான வளர்ச்சி. ஆக உங்கள் 11 செ.மீ. ஒட்டுப்போட்ட பிறகு வந்ததாகவே இருக்கலாம். வீட்டின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) கணக்கும் இதனால்தான் கெடுகிறது. குகைத் துளி மெதுவாக வாயுவை விடும்போது ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 இரண்டும் நீருக்கும் கல்லுக்கும் இடையே கிட்டத்தட்ட சமநிலையில் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் கல்லின் விகிதத்திலிருந்து பழைய நீரின் விகிதத்துக்குப் போகலாம், அதிலிருந்து மழையை ஊகிக்கலாம். காரத் துளி காற்றை அவசரமாக இழுக்கும்போது லேசான ஐசோடோப்பு முண்டியடித்து முதலில் நுழைந்துவிடும். கார்பன்-13 அளவு, ஒரு தரக்கல்லோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு மைனஸ் 20க்கும் கீழே இறங்கும், ஆக்சிஜனும் கூடவே இறங்கும். அது மழையின் கதை அல்ல, அவசரத்தின் கதை.

பிள்ளைகள் செய்து பார்க்க மூன்று சோதனை சொல்கிறேன்.

பி.எச். தாளைக் குழல் நுனியில் தொங்கும் துளியிலேயே ஒற்றுங்கள். கீழே கிண்ணத்தில் பிடித்து அரை மணி கழித்துப் பார்த்தால் அதற்குள் காற்றைக் குடித்து எண் இறங்கியிருக்கும், ஏமாந்துபோவீர்கள். 11க்கு மேல் காட்டினால் சிமென்ட் வேலை. 8 பக்கம் நின்றால் பழைய சுண்ணாம்பு, நூறு வருடத்தில் முழுக்கக் கல்லாகிப்போனது, மெல்லக் கரைகிறது என்று அர்த்தம். இது குகை வழிக்குக் கொஞ்சம் நெருக்கம்தான். ஆனாலும் தட்டோட்டின் மேல் மண்ணும் இல்லை, வேரும் இல்லை. வாயு குறைவு, எனவே கரைவதும் குறைவு.

தரைத் திட்டில் ஒரு துணுக்குச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் கால்சைட். நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் அது சுவரில் பூக்கும் உப்பு, வேறு சமாசாரம். ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைத்துச் சாறு விடாதீர்கள், கல்லும் சிமென்ட்தான், பளபளப்பு போய்விடும்.

மூன்றாவது, கைக்கடிகாரம் வைத்து ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் எத்தனை நிமிடம் என்று மழை நின்ற முதல் நாள் தொடங்கிப் பத்து நாள் எழுதுங்கள். துளி சீக்கிரம் சீக்கிரம் விழுந்தால் சுண்ணாம்பு தரைக்குப் போகும், நிதானமாக விழுந்தால் குழல் நீளும். மழை பெய்த நாளுக்கும் சொட்டு கூடிய நாளுக்கும் இடையிலான தாமதம் வரைபடத்தில் தெரியும். குகை ஆய்வில் இருக்கும் பாதிக் குழப்பம் அந்தத் தாமதத்தில்தான்.

பேரேடு:

“திடீர்” பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். இதில் இரண்டு கடிகாரத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாற்றம் எப்போது நடந்தது என்பது ஒன்று, நடந்து முடிய எத்தனை வருடம் பிடித்தது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் கல் நூறு வருடம் தவறலாம். இரண்டாவதில், அதே கல், வருட அடுக்குகள் தெளிவாக இருந்தால், ஐந்து வருடத்துக்குள் சரியாகச் சொல்லிவிடும்.

எப்போது என்பதற்கு யுரேனியம்–தோரியம் முறை. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த சுத்தமான கால்சைட்டில் யுரேனியம் மட்டும் இருக்கும். யுரேனியம்-238 சிதைந்து 234 ஆகி, அது தோரியம்-230 ஆகிறது. தோரியம்-230 ஏறக்குறைய 75,600 வருடத்தில் பாதியாகும். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது. சுமார் 5 முதல் 6 லட்சம் வருடம் வரை இந்தக் கடிகாரம் ஓடும். கார்பன்-14 சுமார் 50,000 வருடத்தில் நின்றுவிடும். போதாததற்குக் குகையில் பாறையின் செத்த கார்பனும் (கார்பன்-14 தீர்ந்துபோனது) கலந்து குழப்பும்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு கணக்கு. கல்லில் யுரேனியம் பத்து லட்சத்தில் 0.1 பங்கு, நீங்கள் துளைத்தெடுத்த பொடி 100 மில்லிகிராம், வயது 4,200 வருடம் என்று வைப்போம். அந்தப் பொடியில் புதிதாகப் பிறந்த தோரியம்-230 மொத்தம் சுமார் 1.6 கோடி அணு. எடையில் சொன்னால் ஒரு கிராமைக் கோடியால் வகுத்து, அதை மறுபடி கோடியால் வகுத்தால் வருவதைவிடவும் குறைவு. இப்போது அந்தப் பொடியில் 0.01 மில்லிகிராம் களிமண் கலந்திருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. சாதாரணக் களிமண்ணில் தோரியம்-232 பத்து லட்சத்தில் 10 பங்கு இருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தோரியம்-230ம் வரும். வழக்கமாகப் பயன்படுத்தும் விகிதம் 10 லட்சத்துக்கு 4.4. அந்தத் துளிக் களிமண் 11 லட்சம் அணுவைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதாவது 7 சதவீதம், அதாவது கல்லுக்கு 300 வயது கூடுதலாகத் தெரியும். திருத்தம் போடலாம், போடுகிறார்கள். ஆனால் அந்த 4.4 என்ற எண்ணுக்கே 2.2 கூடக்குறைய என்று வைத்திருப்பதால் திருத்திய பிறகும் 150 வருடம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும். 4,200 வருடத்துக்கு முந்தைய அந்த வறட்சி மொத்தமே ஓரிரு நூற்றாண்டு என்றால், பாதி அங்கேயே போயிற்று.

அதனால்தான் பொடி எடுக்கும் இடம் முக்கியம். வளர்ச்சி அச்சு வழியே வைர ரம்பத்தால் நெடுக வெட்டி, மெருகேற்றி, 1,200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்துகொண்டு, கண்ணாடி போல் கெட்டியாக இருக்கும் அடுக்கில், அடுக்குக்கு இணையாக மட்டும் துளைக்க வேண்டும். பழுப்புக் கோடு, பால் வெள்ளை, நுரைபோல் துளையுள்ள இடம் எல்லாம் ஒதுக்குங்கள். துளைகள் வழியாகப் பின்னாளில் நீர் ஓடி யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தால் கல் உண்மை வயதைவிட மூப்பாகக் காட்டும். முதலில் வரும் மேற்பொடியைத் தட்டிவிட்டு, பிறகு சேகரியுங்கள். துளைமுனையை வேகமாக ஓட்டினால் சூடாகும். அரகோனைட் (அதே கால்சியம் கார்பனேட், வேறு படிக அமைப்பு) கல்லாக இருந்தால் பொடி கால்சைட்டாக மாறும், ஐசோடோப்பும் நகரும்.

இனி எத்தனை வருடம் என்பது. கல் வருடத்துக்கு 0.05 மி.மீ. வளர்ந்தது என்றால், 0.5 மி.மீ. முனையால் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியும் பத்து வருடச் சராசரி. நுண்ணரைவை இயந்திரத்தில் 0.1 மி.மீ. வீதம் சீவினால் இரண்டு வருடம். ஐசோடோப்புக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும் என்பதால் அது முடிகிற காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே குகைக்கு மேலிருக்கும் பாறை ஒரு சராசரி போட்டு அனுப்பிவிடுகிறது. மழைநீர் பாறை இடுக்குகளில் பழைய நீரோடு கலந்து மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் தங்கித்தான் சொட்டுகிறது. பத்து வருட நீர் தேங்கும் பாறைக்கு மேல் மழை ஒரே வருடத்தில் தலைகீழாக மாறினாலும், கல்லில் அதில் மூன்றில் இரண்டு பங்கு தெரியவே பத்து வருடம் ஆகும்.

அதனால் ஒரு விதி: கலப்பு எப்போதும் மாற்றத்தை மெதுவாக்கும், வேகமாக்காது. கல்லில் 20 வருடத்தில் மாறியதாகத் தெரிந்தால் உண்மையில் 20 அல்லது அதற்கும் குறைவு. இதற்கு ஒரே விலக்கு, கல் நடுவில் வளராமல் நின்றிருந்தால். நம் ஊர்ப் பேரேட்டில் நடுவே பதினைந்து ஏடு கிழிந்திருந்து, பக்க எண்ணும் இல்லையென்றால், முதல் பக்கத்தில் வரவாக இருந்தது அடுத்த பக்கத்தில் ஒரே நாளில் கடனானது போலத்தான் தெரியும். கல்லிலும் அப்படித்தான். மழை பொய்த்துச் சொட்டு நின்றால் வளர்ச்சி நிற்கும். மிதமிஞ்சிய மழையில் நீர் சுண்ணாம்பு நிறையாமலே வந்து ஏற்கெனவே படிந்ததையும் அரித்துவிடும். முன்னதில் அடுக்குகள் மேலே போகப்போக மெலிந்து, குறுகி நிற்கும். பின்னதில் பழைய அடுக்குகள் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும், மேலே ஒரு மண்கோடு. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். திடீர்த் தாவல் தெரியும் இடத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று நெருக்கமாக இரண்டு வயது எடுக்காமல் “திடீர்” என்று எழுதியவர்களை நம்பாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்குச் சீனாவில் நான்ஜிங் பக்கத்து ஹுலு குகை. 2001ல் வெளியான அந்த ஆய்வு, சுமார் 75,000 முதல் 11,000 வருடம் வரையிலான காலத்தை ஐந்து கல்முளைகளிலிருந்து கோத்தது. கிரீன்லாந்துப் பனியில் தெரியும் டான்ஸ்கார்ட்–ஓஷ்கர் தாவல்கள் (பனியுகத்தில் திரும்பத் திரும்ப வந்த திடீர் வெப்ப ஏற்றங்கள்) எல்லாம் இந்தச் சீனக் கற்களிலும் இருந்தன. அங்கே வெப்பம் சில பத்தாண்டில் 8 முதல் 16 டிகிரி எகிறியபோது இங்கே பருவமழை வலுத்திருக்கிறது. வட அட்லாண்டிக்கில் நீரோட்டம் தளர்ந்து கடற்பனி பரவினால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். ஓட்டம் மீண்டால் வடக்கே திரும்பும். தெற்கு பிரேசிலின் போட்டுவெரா குகையில் இதே தாவல்கள் தலைகீழாகத் தெரிவது அதற்குச் சாட்சி. சீனாவில் மழை குறைந்தபோது அங்கே கூடியிருக்கிறது. ஒரு குகைக் கல்லில் களிமண்ணோ இடைவெளியோ ஏமாற்றலாம். இரண்டு கண்டத்துக் கற்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் ஏமாற்றாது.

சுக்கான்கல்:

பேரேடு அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மனசு ஒப்பவில்லை. “மழை வலுத்தது, குறைந்தது” என்று ஆக்சிஜன் விகிதத்தை நேரே மழையளவாகப் படிப்பது, அதுவும் சீனக் குகையில், இன்றும் வாதத்தில் இருக்கிறது. குகைக்கு நேர் மேலே எவ்வளவு பெய்தது என்பதைவிட, அந்த ஈரக்காற்று எங்கிருந்து கிளம்பி வழியில் எவ்வளவு கொட்டிவிட்டு வந்தது என்பதுதான் அந்த விகிதத்தில் அதிகம் தெரியும் என்பது ஒரு கட்சி. வெப்பநிலையின் பங்கு சிறியது என்பதில் சண்டை இல்லை. டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 அளவுதான், ஆயிரத்துக்கு 2 நகர்ந்ததை வெப்பத்தால் மட்டும் விளக்க வேண்டுமானால் பத்து டிகிரி மாறியிருக்க வேண்டும்.

நம் பக்கம் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. சிவகங்கைச் சீமைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். கோடையிலும் ஆடி ஆவணியிலும் இடிமழை கொஞ்சம். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை தென்மேற்கு மழையைவிட ஆக்சிஜன்-18 குறைந்தது. வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா நன்னீர் கலப்பதும் புயல்மழையும் காரணம். அப்படியிருக்க இங்கே ஒரு கல் இருந்து, அதில் ஆக்சிஜன்-18 குறைந்ததாகத் தெரிந்தால், மொத்த மழை கூடியதா, அல்லது ஆடி மழை தவறி ஐப்பசி மழை மட்டும் பெய்ததா? ஒரே எண், இரண்டு அர்த்தம். இதை அவிழ்க்க அதே அடுக்கில் மக்னீசியம், ஸ்ட்ரான்சியம் பார்க்க வேண்டும். வறட்சியில் நீர் கூரை இடுக்கிலேயே கொஞ்சம் கால்சைட்டை இறக்கிவிட்டு வருவதால், கல்லுக்கு வந்து சேரும்போது கால்சியத்தோடு ஒப்பிட இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். ஆக்சிஜன் ஒரு பக்கம் சொல்லி, மக்னீசியமும் ஸ்ட்ரான்சியமும் அதற்கு ஒத்துப்போனால்தான் வறட்சி என்று எழுதலாம்.

நம் பக்கம் குகை உண்டா என்றதற்கு, இல்லை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், சித்தன்னவாசல் எல்லாம் கெட்டிப் பாறையில் குடைந்தவை அல்லது இயற்கைப் பாறைத் தாழ்வாரங்கள். கரையும் சுண்ணாம்பு அங்கே இல்லை. காரைக்குடியைச் சுற்றி இருப்பது செம்புரைக் கல். கிட்டத்தில் ஆய்வு நடந்தவை என்றால் கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் அகளகவி குகை. 2004ல் வந்த அந்த ஆய்வில் 331 வருடப் பதிவு. ஆந்திராவின் வால்மீகி குகையிலிருந்து பனியுகம் முடியும் கட்டத்தில் சுமார் ஆயிரம் வருடத் துண்டு. சத்தீஸ்கரில் தண்டக் குகை, கி.பி. 600 முதல் 1500 வரை, 14ஆம் நூற்றாண்டின் நீண்ட வறட்சிகளோடு. இவை அத்தனையும் பெரும்பாலும் தென்மேற்கு மழையைப் பேசுபவை. நம் ஐப்பசி மழைக்கு அவற்றை அப்படியே சாட்சிக்கு அழைக்க முடியாது.

காட்டில் சுக்கான் கல் பொறுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், என் பெயரே அதுதான் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருடம் கரைந்து கரைந்து மறுபடி உறைந்தது. பொதுவான வறட்சிக்குச் சாட்சி, திடீர் மாற்றத்துக்கு உதவாது. கண்மாய் வண்டலும் நல்ல யோசனைதான், ஆனால் தூர்வாரும் கண்மாயில் ஏடு கிழிந்துதான் இருக்கும்.

பேரேடு:

ஒப்புக்கொள்கிறேன். “பருவமழையின் வலு” என்று எழுதியிருக்க வேண்டும், குகைக்கு மேல் பெய்த மழையளவு என்ற பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேகாலயக் கல்லுக்கும் இதையே சேர்த்துக்கொள்ளுங்கள். சோரா (சிரபுஞ்சி) பக்கத்து மவ்ம்லு குகையின் கே.எம்.-ஏ கல்முளையில்தான் 2018ல் மேகாலயன் காலத்தின் தொடக்கப் புள்ளியைக் குறித்தார்கள். அதே வருடம் அதே குகையின் வேறு கற்களை இன்னும் நெருக்கமாக வயது எடுத்துப் பார்த்தபோது, ஒரே படியாக இறங்கிய நெடுவறட்சி என்ற படம் அப்படியே திரும்பி வரவில்லை. பத்தாண்டுகள் அளவில் மழை தடுமாறியதுதான் தெரிந்தது. எல்லைக்கோடு போட அந்தக் கல் போதும். மாற்றத்தின் வடிவத்தை அது ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது.

பழைய ஆள்கள் ஒரே அடுக்கில் நடுவிலிருந்து ஓரம் வரை ஐந்தாறு மாதிரி எடுத்து, ஆக்சிஜன்-18 ஓரம் நோக்கி ஏறவில்லை என்றால் கல் சமநிலையில் வளர்ந்தது என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். ஹெண்டி சோதனை என்று பெயர். ஓரத்துக்குப் போகப்போக அடுக்கு மெலிவதால் ஒரே அடுக்கைத்தான் துளைக்கிறோமா என்பதே நிச்சயமில்லை. அதைவிட, அதே குகையில் வேறு சொட்டின் கீழ் வளர்ந்த இரண்டாவது கல் அதே கோட்டை வரைகிறதா என்று பார்ப்பதுதான் உரைகல்.

இரண்டாங்கட்டு:

நன்றி. குழலை வெட்டும் எண்ணத்தை விட்டாச்சு. நேற்று மழைக்குப் பிறகு தாளை நுனியில் ஒற்றியதில் 12 காட்டியது, ஆக சிமென்ட்தான். பிள்ளைகள் குகைக்குப் போய் ஒரு கல் எடுத்துவரலாமா என்கிறார்கள். அது வேண்டாமென்றால், காரைக்குடியில் உட்கார்ந்தபடியே உண்மையான குகைக் கணக்கில் கை வைக்க வழி உண்டா?

துளிநீர்:

கல் எடுக்கவே வேண்டாம். ஒரு கல்முளை வளர ஆயிரக்கணக்கான வருடம், உடைக்க ஒரு நிமிடம். வனத்துறை, தொல்லியல் துறை, ஊர்க் கட்டுப்பாடு என்று அனுமதி வாங்கிப் போகிறவர்களே முதலில் ஒரு வருடம் துளி எண்ணி, ஈரப்பதமும் கரியமில வாயுவும் அளந்து, சொட்டுக்கு அடியில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து இன்றைய கால்சைட்டைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கல்லைத் தொடுவார்கள். அதுவும் ஏற்கெனவே உடைந்து கிடப்பதைத் தேடுவார்கள். இன்றைய துளிக்கும் இன்றைய தகட்டுக்கும் கணக்கு ஒத்துவராத குகையில் பழைய கல்லைப் படித்துப் பயனில்லை. போதாததற்குக் குகைக்குள் அந்த வாயு தேங்கினால் மயக்கம் வரும், வௌவால் எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பயிற்சி இல்லாத பிள்ளைகளுக்கு அது இடமல்ல.

உட்கார்ந்த இடத்தில் செய்ய சிசல் (SISAL) என்ற குகைக்கல் தரவுத்தொகுப்பு இருக்கிறது, இலவசம். இரண்டாம் பதிப்பிலேயே 294 குகைகளிலிருந்து 691 பதிவுகள். ஹுலுவை அதில் எடுங்கள். இரண்டு அட்டவணை தனித்தனியாக வரும்: மேலிருந்து எத்தனை மி.மீ. ஆழத்தில் என்ன வயது, எத்தனை பிழை என்பது ஒன்று. எந்த ஆழத்தில் என்ன ஆக்சிஜன் விகிதம் என்பது இன்னொன்று. தயாராக இருக்கும் வயதுக் கோட்டை எடுத்து வரைந்துவிட்டால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். முதலில் கிராஃப் தாளில் ஆழத்துக்கு எதிராக வயதுப் புள்ளிகளைப் பிழைக்கோட்டோடு வைக்கச் சொல்லுங்கள். ஆழம் கூடக்கூட வயதும் கூட வேண்டும். ஒரு புள்ளி மட்டும் பின்னால் போனால் களிமண்ணோ கழுவலோ. கோடு சாய்வாக ஏறாமல் ஒரு இடத்தில் செங்குத்தாக எகிறினால், அதாவது ஆழம் நகராமல் வயது மட்டும் ஏறினால், அங்கே ஏடு கிழிந்திருக்கிறது.

பிறகு புள்ளிகளின் நடுவே ஒரு கோடு. அடுத்து, ஒவ்வொரு வயதையும் அதன் பிழைக்குள் பகடை உருட்டிய மாதிரி நகர்த்தி, வரிசை மாறாத கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நூறு கோடு வரையுங்கள். ஆர் (R) என்ற கணினி மொழியில் பத்து வரி நிரல். வல்லுநர்கள் பயன்படுத்தும் பேக்கன் போன்ற மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். அந்த நூறு கோட்டிலும் ஆக்சிஜன் விகிதத்தை ஏற்றினால், தாவல் வந்த தேதி எவ்வளவு அகலமாகப் பரவுகிறது, தாவலின் சரிவு எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். பேரேடு சொன்ன இரண்டு கடிகாரம் அதுதான். கண்காட்சியில் இந்த ஒரு படத்தை மச்சுக்குழலின் துளிக்கணக்குப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் போதும்.

நூறு, இருநூறு வருடப் பதிவைச் சோதிக்க நம்மிடம் நல்ல கொக்கி உண்டு. சென்னைக்கு 1813 முதல் மழைக்கணக்கு இருக்கிறது. தென்னிந்தியக் கல் எதுவானாலும் 1876–77 தாது வருடப் பஞ்சம் அதில் எப்படி விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மேஸ்திரி:

குகை எனக்குத் தெரியாது, தளம் தெரியும். துளி காரமாக வருகிறது என்றால் மேலே போட்ட சிமென்ட் ஒட்டு வெடித்து, அது வழியாக நீர் இறங்குகிறது. சிமென்ட்டும் பழைய சுண்ணாம்புத் தளமும் வெயிலில் ஒரே மாதிரி விரியாது; ஓரத்தில் மயிரிழை விடும். குழலை உடைத்து எறியாதீர்கள், ஒழுகும் இடத்துக்கு அதுதான் அடையாளம். அந்த நேருக்குக் கட்டை முனையைச் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் உளுத்துவிட்டது. ஒட்டைப் பெயர்த்துவிட்டு நீற்றிய சுண்ணாம்பு, செங்கல் பொடி, கடுக்காய்த் தண்ணீர் வைத்து மறுபடி போடுவதுதான் முறை.

கட்டை என்றதும் இன்னொன்று. அந்தத் தேக்கு பெரும்பாலும் பர்மாத் தேக்கு. வளையத்தைப் படித்து மழை சொல்கிறார்களாமே, அது இதில் முடியாதா?

சுக்கான்கல்:

முடியும், ஆனால் கிடைப்பது பர்மாவின் மழை, நம்முடையதல்ல. தேக்கு வருடத்துக்கு ஒரு தெளிவான வளையம் போடும் மரம். மியான்மர்த் தேக்கிலிருந்து சுமார் மூன்று நூற்றாண்டுப் பருவமழைக் கணக்கு 2011ல் வெளியானது. இந்த வீட்டுக் கட்டையில் தச்சர் பட்டையையும் வெளிமரத்தையும் செதுக்கி எடுத்துவிட்டதால் கடைசி வளையம் எந்த வருடம் என்று நேரே எண்ண முடியாது. அந்தக் கணக்கோடு அகல-குறுகல் வரிசையைப் பொருத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டையில் துளை போட வேண்டாம். பழுதுபார்க்கும்போது அறுத்துத் தள்ளும் கட்டையின் குறுக்குவெட்டைத் தேய்த்தால் போதும். ஆனால் மூன்று நூற்றாண்டுதான். பனியுகத் தாவலுக்கு இங்கே வழியில்லை.

சிசல் கோப்பைத் திறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. குகைப் பதிவுகளில் “இன்றிலிருந்து” என்றால் பெரும்பாலும் 1950. மேகாலயன் தொடக்கத்தை 4,250 என்று எழுதுகிறவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள். 4,200 என்பவர்கள் 1950லிருந்து. இரண்டும் ஒன்றுதான். சில ஆய்வுகள் அளந்த வருடத்திலிருந்தே எண்ணும். கிரீன்லாந்துப் பனிக் கணக்கு 2000ஐ வைத்து. இந்தத் தலைப்பைப் பார்க்காமல் இரண்டு கோப்பையும் ஒரே படத்தில் போட்டால், ஐம்பது வருடம் முந்தி நடந்த மாதிரி ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.